எந்த ரோடு முதலில்? அதை யார் முடிவு செய்வது?

(கிராமச் சாலைகளுக்கு உரிய நிதி கேட்டு நடக்கவிருக்கும் காத்திருப்புப் போராட்டத்தின் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



சாயங்காலப் பால் கறக்கிற நேரத்துக்குள் வீடு போகணும். தண்ணி முறை இருக்கிறவங்களும் நாலு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் ஒரு கணக்கில் ஆரம்பிக்கிறோம்.

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி 2025 அக்டோபர் 9-ம் தேதி திறந்தார்கள். ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர், அதில் நமக்குச் சந்தோஷம்தான். செலவு 1,791 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 177 கோடி. இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க. 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். தமிழ்நாடு முழுக்க 10,000 கிலோமீட்டர், இரண்டு வருஷத்தில், 4,000 கோடி. கிலோமீட்டருக்கு 40 லட்சம். ஆக, பாலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆன பணத்தில் கிராமத்தில் 440 கிலோமீட்டர் ரோடு போடலாம். அன்னூரில் புறப்பட்டால் சென்னையை நெருங்கிவிடலாம்!

பாலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறபோது ஹோப் காலேஜில் முக்கால் மணி நேரம் நின்றவர்கள்தான் நாமும். பட்டணத்துக்காரர்களும் நாமும் எதிரி இல்லை. அவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது பாருங்க. 39 கிலோமீட்டர் மெட்ரோ ரயிலுக்கு 10,740 கோடியில் திட்டம் போட்டு அனுப்பினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 20 லட்சம் பேர் இல்லையென்று 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முந்தின தலைக்கணக்கை வைத்து இன்றைக்கு ஊருக்கு என்ன வேணுமென்று டெல்லியில் முடிவு செய்கிறார்கள். அதே தலைக்கணக்கு நம் கழுத்தையும் எப்படி நெரிக்கிறது என்பதற்கு அப்புறம் வருகிறோம்.

முதலில் ரோடு யாருடையது என்பதைப் பார்க்கலாம். நாலு வழிச்சாலை தேசிய நெடுஞ்சாலைக்காரர்களுடையது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை இந்த மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை. தமிழ்நாட்டில் இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்தே ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல்; நெடுஞ்சாலைத் துறை கையில் இருப்பதை விட ரொம்ப அதிகம். பி.ஏ.பி. வாய்க்கால் கரையில் போகிறோமே, அது நீர்வளத்துறை. இட்டேரி வருவாய்த்துறைக் கணக்கில் இருக்கும். தக்காளி ஏற்றின ஒரு டெம்போ தோட்டத்துச் சாளையில் இருந்து கிணத்துக்கடவு மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் இட்டேரி, ஊராட்சி, ஒன்றியம், நெடுஞ்சாலை என்று நாலு கை மாறுகிறது. எங்கே குழி இருக்கிறதோ அந்த இடம் மட்டும் யாருடையதும் இல்லை. "இது எங்க லிமிட் இல்லைங்க" என்ற பதிலைக் கேட்காத விவசாயி இந்தக் கூட்டத்தில் ஒருத்தர் இருந்தால் கையைத் தூக்குங்க பார்க்கலாம்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? தலையைச் சுற்றினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்க. இந்த விவரம் தெரிந்தால் ஆபீசில் நம்மை உட்கார வைத்துப் பேசுவார்கள். தெரியாவிட்டால் மனுவை வாங்கிச் சீல் குத்தி அனுப்பிவிடுவார்கள்.

டீசலில் இருந்து வருகிறது. ரோட்டுக்கென்று எண்ணெயில் வரி வாங்குவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 1927-ல் ஜெயகர் கமிட்டி போட்டார்கள். 1929-ல் மத்திய சாலை நிதி வந்தது. அப்போது ஜில்லா போர்டுகள் கையில் ரோடு இருந்தது. அங்கங்கே சுங்கச்சாவடி வைத்து வண்டிக்கு இவ்வளவென்று வசூல் செய்து ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். 1931-ல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது அந்தச் சுங்கங்களை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மோட்டார் வரியில் பங்கு தருகிறோமென்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னார்கள். ஆக மோட்டார் வண்டி வரியில் உள்ளாட்சிக்குப் பங்கு கேட்பது பிச்சை இல்லைங்க, நம்மிடமிருந்து வாங்கினதற்குக் கொடுத்த ஈடு. ஜில்லா போர்டு போச்சு, பங்கும் பொதுக் கணக்கில் கரைந்து போச்சு. சுங்கச்சாவடி மட்டும் திரும்பி வந்துவிட்டது! நீலாம்பூர் பைபாசில் போகிறவர்களுக்குத் தெரியும்.

பிறகு 1998-99 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலைக்கென்று தனி வரி. 2000-ம் வருஷம் அதற்கு மத்திய சாலை நிதிச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: டீசல் மேல் வருகிற அந்த வரியில் சரிபாதி கிராமச் சாலைக்கு. உழுகிற டிராக்டரும், நெல் அறுக்கிற மிஷினும் நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை; ஆனாலும் ஒவ்வொரு லிட்டருக்கும் ரோட்டு வரி கட்டுகிறது. அதனால் பாதி கிராமத்துக்கு என்பது நியாயம். அந்தப் பணத்தில்தான் 2000 டிசம்பர் 25-ல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் ஆரம்பித்தது. 2018-ல் என்ன செய்தார்கள்? வரியை லிட்டருக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். அதே கையோடு சட்டத்தையும் திருத்தி, சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று பெயரை மாற்றி, ரயில், நீர்வழி என்று எல்லாத்துக்கும் பொதுவாக்கி, யாருக்கு எவ்வளவு என்பதை நிதியமைச்சர் தலைமையில் ஒரு குழு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். செஸ் என்று பேர் போட்டு வாங்குகிற பணத்தை மாநிலங்களோடு பங்கு வைக்கத் தேவையுமில்லை. இருபது வருஷத்தில் வரி எட்டு மடங்கானது, 'சரிபாதி கிராமத்துக்கு' என்ற வார்த்தை மட்டும் காணாமல் போனது!

கிராமச் சாலைத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் முழுப் பணமும் மத்திய அரசு. 2015-16-ல் இருந்து அவர்கள் 60, மாநிலம் 40. நம் மாதிரி மாநிலத்துக்கு அதிலேயும் பங்கு குறைச்சல்தான். ஏனென்றால் 'ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது' என்கிறார்கள். காமராஜர் காலத்தில் இருந்து நாமாக ரோடு போட்டுக்கொண்டதுக்கு இது தண்டனை.

இன்னொரு பணம் நபார்டு வங்கியில் இருந்து வருகிறது. கிராமப்புற உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி என்று 1995-96-ல் ஆரம்பித்தார்கள். இதில் எங்கிருந்து பணம் சேர்கிறது தெரியுமா? வங்கிகள் கொடுக்கிற கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குக் கொடுக்கணும் என்பது விதி. கொடுக்காமல் விட்ட வங்கி, குறைந்த தொகைக்குத் தக்கபடி நபார்டில் டெபாசிட் கட்டணும். அதை நபார்டு மாநில அரசுக்குக் கடனாகக் கொடுக்கிறது. முதலில் பாசனத்துக்கு என்றார்கள், அப்புறம் ரோடு, பாலத்துக்கும். 'நபார்டு நிதியுதவியுடன்' என்று பலகை நிற்கிறதே, அதற்கு அர்த்தம் இதுதான்: நமக்குக் கொடுக்க வேண்டிய பயிர்க் கடனைக் கொடுக்காமல் விட்டதால் சேர்ந்த பணம். அந்த ரோட்டில் முதல் உரிமை யாருக்கு என்று நீங்களே சொல்லுங்க!

மூன்றாவது மாநில நிதிக்குழு மானியம். மாநில அரசின் சொந்த வரி வருமானத்தில் 10 சதவீதம், ஊரும் நகரமும் சேர்ந்து எல்லா உள்ளாட்சிகளுக்கும். அதில் நம் ஊராட்சிக்கு வருவதைக் கொண்டு தெருவிளக்குக் கரண்ட், மோட்டார் கரண்ட், குடிதண்ணி, சம்பளம் எல்லாம் போக மிச்சம் இருந்தால் ரோடு. மத்திய நிதிக்குழு மானியம் என்று ஒன்று இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கும் அதில் 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் கட்டி வைத்துவிட்டார்கள். ஜல்லிக்குவாரிக்குக் கட்டுகிற சீனியரேஜ் தொகையிலும் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு. மதுக்கரை, கிணத்துக்கடவு பக்கம் டிப்பர் லாரி இரவு பகலாகக் கேரளாவுக்கு ஓடி, பத்து டன் தாங்குகிற ரோட்டை நாற்பது டன்னில் நசுக்குகிறதே, அந்த லாரி போகிற வழியில் இருக்கிற ஊராட்சிக்கு என்ன கிடைக்கிறது? குவாரி இருக்கிற ஊருக்கு ஏதோ கிடைக்கிறது. ரோடு மட்டும் கொடுத்த ஊருக்குத் தூசிதான்.

இப்போது தலைக்கணக்குக்கு வருவோம். நிதிக்குழுப் பணத்தை ஊராட்சிகளுக்குப் பிரிக்கிறபோது ஜனத்தொகைக்குத்தான் பெரிய எடை. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஊர் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கும், சுற்றி வயல். நம் கொங்கு நாட்டில் அப்படியா? அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. இங்கே ஒரு வீடு, அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு. கிணற்றுப் பாசனம் செய்கிறவன் கிணற்றை விட்டு ஊருக்குள் குடியிருக்க முடியாது. ஆள் குறைச்சல், ரோடு நீளம். ஒரு தலைக்கு எத்தனை மீட்டர் ரோடு என்று கணக்குப் போட்டால் நம் ஊராட்சிகளின் பாரம் தெரியும். தலையை எண்ணுகிறவர்கள் ரோட்டின் நீளத்தை எண்ணவில்லை.

பிரதம மந்திரி திட்டத்தில் இரண்டு ஐநூறு இருக்கிறது. சமவெளியில் 500 பேர் இருக்கிற குடியிருப்புக்குத்தான் முதலில் ரோடு. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிக்கு 250. அடுத்தது 500 மீட்டர்: தார் ரோட்டில் இருந்து அந்தத் தூரத்துக்குள் இருந்தால் இணைப்பு இருப்பதாகவே அர்த்தம். அந்த அரைக் கிலோமீட்டரில் ஐப்பசி மாதம் 108 வண்டி இறங்கி ஏறுமா என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. சிதறிக் கிடக்கிற எட்டு சாளைகளைச் சேர்த்துக் காட்டலாம், 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. எத்தனை ஒன்றியத்தில் அப்படிக் கூட்டிக் காட்டினார்கள்? இந்தக் கேள்வியை நாம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் எழுதிக் கேட்கப் போகிறோம். அந்தத் திட்டத்தில் போட்ட ரோட்டை ஐந்து வருஷம் ஒப்பந்தக்காரரே பராமரிக்கணும் என்பதும் விதி. ஒரு மழைக்குப் பெயர்ந்த ரோட்டுக்குப் புதிதாக நிதி கேட்டு மனு எழுதுகிறவர்கள் முதலில் பலகையில் தேதியைப் பாருங்க.

மூன்றாம் கட்டத்தில், 2019-ல், அளவுகோலை மாற்றினார்கள். சந்தை, மேல்நிலைப்பள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடுகளுக்கு மார்க் போட்டு, மார்க் அதிகமானதை முதலில் எடுப்பது என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். வட்டார அளவில் சாலைப் பட்டியல் தயார் செய்து, ஒன்றியக் குழுவும் மாவட்ட ஊராட்சியும் ஒப்புதல் கொடுக்கணும் என்பது அந்தத் திட்டத்தில் முதலில் இருந்தே இருக்கிற விதி. ஆக, எந்த ரோடு முதலில் என்பதில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பின உறுப்பினருக்குச் சட்டப்படி வாய் இருக்கிறது. ஆனால் உறுப்பினர் இருந்தால்தானே வாய்?

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரைக்கும் மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தல் இல்லை. தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லையென்று மத்திய மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். அடுத்து கோவை, திருப்பூர், ஈரோடு உள்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து, அந்த ஐந்து வருஷம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அன்றைக்கும் அடுத்த ஆட்கள் தயாராக இல்லை. தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அ.தி.மு.க. ஆட்சி, தி.மு.க. ஆட்சி இரண்டிலும் ஒரே கதைதான். ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் ஒரே பி.டி.ஓ. தனி அலுவலர் என்றால், அவர் நல்லவராகவே இருந்தாலும் எந்த இட்டேரியில் பால் வண்டி கவிழ்ந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் நடத்தியே ஆகணும் என்று 73-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. பதினொன்றாவது அட்டவணையில் 29 அதிகாரங்களில் சாலையும் சிறுபாலமும் 13-வதாக இருக்கிறது. எல்லாம் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சட்டத்தோடு வந்ததுதான் மாவட்டத் திட்டக் குழு. ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சி, மாநகராட்சித் திட்டங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து, தண்ணியும் ரோடும் எப்படிப் பங்கு போடுவது என்று முடிவு செய்கிற இடம். உறுப்பினரில் ஐந்தில் நாலு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஊர், நகரம் ஜனத்தொகைப்படி இடம். நம் கோவை மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு முக்கால்வாசிப் பேர் நகரத்தார். ஆக நமக்கு நாலில் ஒரு இடம்தான் வரும். வந்தாலும் பரவாயில்லை, மேம்பாலமும் இட்டேரியும் ஒரே மேசையில் பேசப்படுகிற ஒரே இடம் அதுதான். அந்தக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, எந்த ரோட்டைப் பற்றிப் பேசினார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

அமெரிக்காவில் 1962-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய நகரமும் சுற்றியுள்ள சிற்றூர்களும் சேர்ந்த பகுதிக்கு மத்திய அரசுச் சாலைப் பணம் வேணுமென்றால், நகர மேயரும் கவுண்டிப் பிரதிநிதியும் (கவுண்டின்னா நம்மூர்க் கவுண்டர் இல்லைங்க, மாவட்டம் மாதிரி) ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போடணும். இன்றைக்கு அந்தக் குழுக்கள் வேலைப் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்ட பிறகுதான் இறுதி செய்கின்றன. அங்கேயும் பெரிய ஊர் சின்ன ஊரை அமுக்கத்தான் பார்க்கும். ஆனால் எந்த ரோடு ஏன் மேலே போனது என்று பட்டியலைப் பார்த்துக் கேட்கலாம். அவ்வளவு தூரம் எதற்கு, வாளையார் தாண்டினால் கேரளா. 1996-ல் மக்கள் திட்டமென்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குக் கொடுத்தார்கள். ரோடு பராமரிப்புக்கென்று தனி நிதியே ஊராட்சிக்குப் போகிறது. பஞ்சாபில் விளைபொருள் சந்தைக் கட்டணத்தைக் கொண்டு மண்டி போர்டு கிராம இணைப்புச் சாலைகளைப் போட்டுப் பராமரிக்கிறது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் நாம் மூட்டை கொண்டுபோகிற வழிக்கு வரட்டுமே என்று கேட்டால் என்ன தப்பு?

இந்த இடத்தில் நமக்குள்ளும் ஒன்று பேசணும், மனசு நோகாதீங்க. பணம் வந்தால் எந்த ரோடு முதலில் என்று ஊருக்குள் சண்டை வரும். செல்வாக்கு இருக்கிறவர் தோட்டம் வரைக்கும் தார், அதற்கப்பால் இருக்கிற அருந்ததியர் காலனிக்கு மண் ரோடு என்று எத்தனை ஊரில் இருக்கிறது? ஆனைகட்டி, ஆனைமலைப் பக்கம் மலைக் கிராமங்களில் இன்னும் தொட்டில் கட்டி நோயாளியைத் தூக்குகிறார்கள். நம் சங்கத்தின் பட்டியலில் வரிசை இப்படித்தான் இருக்கும்: ஆம்புலன்ஸ் போக முடியாத குடியிருப்பு முதலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வழி அடுத்து, பால் வண்டியும் காய்கறி வண்டியும் போகிற வழி அதற்கு அடுத்து. நமக்குத் தெரிந்தவர் வீடு என்று எந்த ரோட்டையும் மேலே ஏற்ற மாட்டோம். இட்டேரியில் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டவர்கள் எந்த ஊரிலும் இரண்டு பேர் உண்டு. அளவைக்கு வருகிறபோது கல்லை அவர்களே காட்டிவிட்டால் நல்லது. 3.75 மீட்டர் தார் போடுவதற்கே இடம் இல்லையென்று எத்தனையோ வேலை திரும்பிப் போயிருக்கிறது.

1972-ல் கட்டை வண்டி கட்டிக்கொண்டு போய்க் கோயமுத்தூரையே நிறுத்தினவர்கள் நம் அப்பன்மார். கரண்டுக் கட்டணத்துக்காகப் பெருமாநல்லூரில் 1970-லேயே உயிரைக் கொடுத்தவர்கள் இந்த மண்ணுக்காரர்கள். அவ்வளவு பெரிய போராட்டம் இது இல்லை. ஆனால் கேட்கிறது தெளிவாக இருக்கணும்.

நாம் கேட்கிறது என்னவென்றால், ஒன்றியத்தில் இருக்கிற எல்லா ரோட்டின் பெயர், நீளம், கடைசியாகத் தார் போட்ட வருஷம், அடுத்து எடுக்கிற வரிசை எல்லாவற்றையும் எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டணும். கிராம சபையில் வைக்காத பட்டியலுக்கு நிர்வாக அனுமதி கொடுக்கக் கூடாது. நிதிக்குழுப் பணத்தைப் பிரிக்கிறபோது ரோட்டின் நீளத்துக்கும் எடை கொடுக்கணும். டீசல் வரியில் பாதி கிராமத்துக்கு என்பதைத் திரும்பச் சட்டத்தில் எழுதணும், அதற்கு நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் வாயைத் திறக்கணும். குவாரி லாரி போகிற வழிக்குச் சீனியரேஜில் பங்கு வேணும். உள்ளாட்சித் தேர்தல் இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மேற்குப் புறவழிச்சாலை மாதிரி புதுச் சாலைகள் வருகிற இடத்தில், மதுக்கரை மைல்கல்லில் இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் 32 கிலோமீட்டர், அது வெட்டிக் கடக்கிற ஒவ்வொரு தோட்டத்துப் பாதைக்கும் கீழ்ப்பாலமோ அணுகுசாலையோ கொடுக்காமல் வேலை முடிந்தது என்று கணக்கு எழுதக் கூடாது. நிலத்தையும் கொடுத்து, சொந்தத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறவனுக்கு இழப்பீடு எந்தக் கணக்கிலும் வராதுங்க.

கடைசியாக வேலை விவரம். திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்ப்பு நாளில் மனுக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை முதல் ஒன்றிய அலுவலகம் முன்னால் உட்காருகிறோம். ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு முழுத் தாளில் தங்கள் ஊர் ரோடுகளை எழுதிக்கொண்டு வரணும்: ரோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எத்தனை வீடு, எத்தனை லிட்டர் பால் போகிறது, எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள், 108 கடைசியாக எந்த இடம் வரைக்கும் வந்தது. வெறும் 'ரோடு மோசம்' என்று எழுதாதீங்க. அதை வாங்கிக் கட்டி வைப்பார்கள். கிராமக் கணக்கில் இட்டேரியின் புல எண் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்க, தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு வாங்க, புலப்படத்தை வைத்துச் சேர்ந்து பார்க்கலாம். தாய்மார்களில் பால் சொசைட்டிக்கு நடக்கிறவர்கள் அவசியம் வரணும், இந்த விஷயத்தில் அவர்கள் பேசினால்தான் எடுபடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரவர் கட்டுச்சோறு. தண்ணியும் மோரும் சங்கத்துச் செலவு.